உன் முறை வரும்

1

நியூ இங்கிலாந்தின் பழைய நடனம் ஒன்றுக்கு ‘கோரஸ் ஜிக்’ என்று பெயர். அதை ஆடும்போது கூடத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் பெரும்பாலான நேரம் சும்மா நிற்கிறார்கள். இந்தக் கட்டுரை அப்படிச் சும்மா நிற்பவர்களைப் பற்றியது.

முதலில் நடனத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மாசசூசெட்ஸ் பக்கம் இருநூறு வருடங்களுக்கும் மேலாக ஆடப்பட்டுவருவது காண்ட்ரா நடனம். மேடையில் ஆடிக்காட்டும் கலை கிடையாது. சாயங்காலம் ஊர்ப் பொதுக்கூடத்திலோ தேவாலயத்தை ஒட்டிய கூடத்திலோ ஜனங்கள் சேருவார்கள். ஒரு ஃபிடில், ஒரு பியானோ, சில சமயம் ஒரு புல்லாங்குழல். வந்தவர்கள் ஜோடி சேர்ந்து, எதிரெதிரே இரண்டு நீண்ட வரிசைகளாக நிற்பார்கள். ‘காலர்’ என்றொருவர் மைக் முன்னால் நின்று, அடுத்த அசைவு என்ன என்பதை இசைக்குச் சற்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவார். நடனம் முன்பே தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை. தொடங்குவதற்கு முன் இசையில்லாமல் ஒருதரம் எல்லாரையும் நடக்கவைத்துப் பார்ப்பார்கள். நாலைந்து சுற்று போனதும் உடம்புக்குப் பழகிவிடும். காலர் மெல்ல மௌனமாகிவிடுவார்.

ஒரு சுற்றுக்கான இசை 64 தட்டுகள். பதினாறு பதினாறாக நான்கு துண்டுகள்: முதல் மெட்டு இரண்டு தரம், இரண்டாம் மெட்டு இரண்டு தரம். அந்த 64 முடியும்போது ஒவ்வொரு ஜோடியும் வரிசையில் ஓரிடம் நகர்ந்திருக்கும். பாதி ஜோடிகள் கீழ்நோக்கி, பாதி ஜோடிகள் இசைக்குழு இருக்கும் மேல்பக்கம் நோக்கி. அடுத்த சுற்றில் புதிதாக எதிர்ப்படும் ஜோடியுடன் அதே அசைவுகள். வரிசையின் முனையைத் தொட்ட ஜோடி ஒரு சுற்று ஒதுங்கி நின்று, திரும்பி, எதிர்த்திசையில் பயணத்தைத் தொடங்கும். சின்ன விதி ஒன்று. அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் கூடத்தில் இருக்கும் எல்லாரும் எல்லாரையும் சந்தித்துவிடுகிறார்கள். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்த நடனம் ஏன் பிடிக்கிறது என்று தனியாக விளக்கவேண்டியதில்லை.

இப்போது கோரஸ் ஜிக். கீழ்நோக்கி நகரும் ஜோடிகளை ‘ஆடும் ஜோடி’ என்றும், மேல்நோக்கி நகர்பவர்களை ‘நிற்கும் ஜோடி’ என்றும் வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான் அழைக்கிறார்கள். முதல் பதினாறு தட்டுகளில் ஆடும் ஜோடி வரிசைகளுக்கு வெளிப்பக்கமாகக் கீழே போய்த் திரும்பி வருகிறது. அடுத்த பதினாறில் இரு வரிசைகளுக்கும் நடுவே கைகோத்துப் போய்த் திரும்பி, நிற்பவரை அணைத்தபடி சுற்றி ஓரிடம் கீழே இறங்குகிறது. மூன்றாம் பதினாறில் ஆடுபவர்கள் தங்களுக்குள் வலக்கை பிடித்துச் சுற்றி, மூலையில் நிற்பவரை இடக்கை பிடித்துச் சுற்றி, மறுபடி தங்களுக்குள், மறுபடி இன்னொரு மூலை. கடைசிப் பதினாறில் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுழல்கிறார்கள். இதற்கு ‘ஸ்விங்’ என்று பெயர். பெரும்பாலானவர்கள் காண்ட்ராவுக்கு வருவதே இந்தச் சுழற்சிக்காகத்தான்.

நிற்பவர்களுக்கு? முதல் பதினாறில் வேலையே இல்லை. இரண்டாவதின் கடைசியில் நாலு தட்டு. மூன்றாவதில், மேலேயிருந்து ஒருவர், கீழேயிருந்து ஒருவர் வந்து ஆளுக்கொரு தரம் கையைப் பிடித்துச் சுற்றிவிட்டுப் போவார்கள். நான்காவதில் வேடிக்கை. கணக்குப் பார்த்தால் 64 தட்டில் ஏறக்குறைய பன்னிரண்டு. மீதி ஐம்பது சொச்சமும் நிற்பதுதான்.

இன்று பாஸ்டனிலோ சியாட்டிலிலோ ஆஷ்வில்லிலோ ஒரு காண்ட்ரா இரவுக்குப் போனால் இது அநேகமாக நடக்காது. இன்றைய நடனங்களில் எல்லாரும் எல்லா நேரமும் ஆடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் தன் ஜோடியுடன் ஒரு ஸ்விங், எதிர்ப்பட்டவருடன் ஒரு ஸ்விங். ஓர் அசைவின் வேகம் அடுத்த அசைவுக்குள் வழுக்கிக்கொண்டு போகும்படி அமைத்திருப்பார்கள். யாரும் நிற்கவேண்டாம். யாருக்கும் குறைவில்லை.

பார்த்த உடனே தோன்றும்: இதுதானே நியாயம்? பழைய நடனத்தில் பாதிப்பேரை நிற்கவைத்தது அநியாயம் இல்லையா?

கேள்வி அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஏனென்றால் கோரஸ் ஜிக்கிலும் சமத்துவம் இருக்கிறது. அது தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். மேல்முனையைத் தொட்டதும் நிற்கும் ஜோடி ஆடும் ஜோடியாகிவிடும். கீழ்முனையைத் தொட்டதும் ஆடும் ஜோடி நிற்கும் ஜோடியாகிவிடும். போதிய நேரம் கொடுத்தால் எல்லாரும் ஒரே அளவு ஆடியிருப்பார்கள், ஒரே அளவு நின்றிருப்பார்கள். ஒரு நடனம் சொல்கிறது: எல்லாருக்கும் இப்போதே. இன்னொன்று சொல்கிறது: எல்லாருக்கும், முறை வரும்போது.

2

பழைய வகையின் கதையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். காண்ட்ராவின் வேர் இங்கிலாந்தின் கிராமிய நடனங்களில் இருக்கிறது. ஜான் பிளேஃபோர்டு 1651-இல் லண்டனில் அச்சிட்ட தொகுப்பில் ‘எத்தனை ஜோடி வந்தாலும் சேரலாம்’ என்ற குறிப்புடன் நீள்வரிசை நடனங்கள் இருக்கின்றன. அவை பிரான்ஸுக்குப் போய் ‘கோந்த்ரதான்ஸ்’ ஆகி, அட்லாண்டிக்கைத் தாண்டி நியூ இங்கிலாந்தில் ‘காண்ட்ரா’ ஆயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால்ட்ஸும் பிறவும் வந்து நகரங்களில் இந்த வரிசை நடனங்களை ஓரங்கட்டின. நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மலையூர்களில் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்து வரிசை நடனத்தில் நிற்பது இன்னும் அதிகம். பல நடனங்களில் ஓர் ஆடும் ஜோடிக்கு இரண்டு நிற்கும் ஜோடிகள். பல சமயம் நடனத்தைத் தொடங்குவதே உச்சியில் இருக்கும் முதல் ஜோடி மட்டும்தான். அவர்கள் இறங்கி இறங்கி வர, மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே இழுக்கப்படுவார்கள். கடைசியில் நிற்பவர்கள் வெகுநேரம் நின்றுகொண்டே இருக்கவேண்டும்.

ஜேன் ஆஸ்டின் வாசித்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான், தெரியும் என்று தெரியாமலே. 1813-இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் நெதர்ஃபீல்டு மாளிகையின் நடன இரவு. எலிசபெத்தும் டார்சியும் முதன்முறையாகச் சேர்ந்து ஆடுகிறார்கள். ஆடுகிறார்கள் என்கிறோம், ஆனால் அந்த அத்தியாயத்தில் நம் நினைவில் நிற்பது அவர்களுடைய பேச்சு. நடனத்துக்கு நடுவில் இவ்வளவு பேச எப்படி நேரம் கிடைத்தது? வரிசையில் நிற்கிறார்களே, அதனால். முதலில் பேசாமல் நிற்கும் அந்தச் சங்கடமும், பிறகு ஒருவரையொருவர் சீண்டிப் பார்ப்பதும் நிற்கும் நேரத்தில் முளைத்தவை. இன்றைய காண்ட்ராவில் அவர்களை இறக்கிவிட்டால் மூச்சு வாங்கவே நேரம் இருக்காது, பேச்சு எங்கே!

ஆனால் அந்தக் காலத்தைப் பொன்னாக்கிக் காட்டும் ஆசை எனக்கில்லை. உச்சியில் யார் நிற்பது என்பதைப் பல கூடங்களில் அந்தஸ்து தீர்மானித்தது. பிரபுவின் மனைவி முதலில், பிறகு அடுத்த படி. முறை எல்லாருக்கும் வரும், சரி. முதல் முறை யாருக்கு என்பதை நடனம் தொடங்குவதற்கு முன்பே பிறப்பு முடிவு செய்துவிட்டது.

முறை என்பது இன்பத்தை எப்படிக் கடமையாக மாற்றிவிடும் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்ற பிரெஞ்சுத் தளபதி ஷஸ்தெல்லூ 1780-இன் இறுதியில் பிலடெல்பியாவில் இருந்தார். அங்கே நடந்த நடனக்கூட்டங்களைப் பற்றித் தன் பயண நூலில் எழுதும்போது, தான் கேள்விப்பட்ட ஒன்றைச் சொல்கிறார். ஓர் இளம்பெண் தோழியுடன் பேசிக்கொண்டிருந்ததில் தன் முறையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறாள். பொறுப்பாளர் வந்து அவளைக் கண்டிக்கிறார்: சந்தோஷமாக இருக்கவா இங்கே வந்தாய் என்கிற தொனியில். சிரிப்புதான் வருகிறது. ஆனால் முறைகளால் கட்டப்பட்ட எந்த அமைப்பிலும் இந்தப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்.

3

மாற்றம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. நியூ ஹாம்ப்ஷயரின் ரால்ஃப் பேஜ் என்ற காலர், தன் ஊர்ப் பக்கத்து நடனங்களையும் மெட்டுகளையும் சேகரித்து, ‘நார்தர்ன் ஜங்கெட்’ என்ற சிற்றிதழைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். 1985-இல் இறக்கும்வரை பழைய காண்ட்ராவின் முகமாக இருந்தவர் அவர்தான். 1960-களிலும் 70-களிலும் நகர வாழ்க்கை வேண்டாமென்று கிராமம் தேடிப் போன இளைஞர் கூட்டம் ஒன்று நியூ ஹாம்ப்ஷயருக்கு வந்துசேர்ந்தது. டட்லி லாஃப்மன் என்ற காலரைச் சுற்றி அவர்கள் திரண்டார்கள். தாடியும் வெறுங்காலுமாக அவர்கள் ஆடிய ஆட்டத்தில் பழைய மரியாதைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றன.

இதற்கிடையில் வடிவமைப்பிலும் ஒரு திருப்பம். மாசசூசெட்ஸில் ஹெர்பி கோட்ரோ என்பவர் ஜோடிகள் எதிரெதிரே நிற்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அமைப்பு ஒன்றை வைத்து நடனம் செய்தார். அந்த மாநிலத்தின் பெக்கெட் என்ற இடத்தின் பெயரால் இன்றும் அது ‘பெக்கெட்’ அமைப்பு. அதில் ஆடும் ஜோடி, நிற்கும் ஜோடி என்ற பிரிவுக்கே இடமில்லை. டெட் சனெல்லா, ஜீன் ஹியூபர்ட் போன்றவர்கள் அடுத்தடுத்து எல்லாருக்கும் வேலை கொடுக்கும் நடனங்களை எழுதினார்கள்.

எழுதியவர்கள் மட்டும் மாற்றவில்லை, நின்றவர்களும் மாற்றினார்கள். ‘பெட்ரொனெல்லா’ என்ற பழைய நடனத்தில் ஆடும் ஜோடி மட்டும் சாய்சதுரத்தின் முனைகளில் தானாகச் சுழன்று ஒவ்வோர் இடமாக நகரும். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கால் சும்மா இருக்கவில்லை. அவர்களும் சேர்ந்து சுழலத் தொடங்கினார்கள். இன்று நாலு பேரும் சேர்ந்து சுழல்வதற்குத்தான் ‘பெட்ரொனெல்லா’ என்று பெயர், நூற்றுக்கணக்கான புதிய நடனங்களில் அது ஓர் அடிப்படைத் துண்டு. யாரும் தீர்மானம் போட்டு மாற்றியது கிடையாது.

ஏன் மாறியது என்பதற்குக் கணக்கே ஒரு பதில் சொல்கிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 32 வினாடி. வரிசையில் 12 ஜோடி என்றால், கடைசியில் நிற்கும் ஜோடி மேல்முனையைத் தொட 11 சுற்று, அங்கே ஒரு சுற்று ஓய்வு, பதின்மூன்றாம் சுற்றில் அது ஆடும் ஜோடி. ஆறரை நிமிடம் நின்றால் போதும். தாங்கலாம். வரிசையில் 20 ஜோடி என்றால்? இருபத்தோராம் சுற்றில்தான் முறை வரும். பத்தரை நிமிடத்துக்கு மேல். இன்றைய நடனம் ஒன்று பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதாவது, அந்த ஜோடி தன் முறை வரும் என்று நம்பி நின்றுகொண்டே இருக்கும், இசை நின்றுவிடும்.

இயங்குதளம் படித்தவர்களுக்கு இந்தப் பிரச்சினையின் பெயர் தெரியும். பிராசஸர் ஒன்று, வேலைகள் பல. ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்ச நேரம் கொடுத்துச் சுற்றிவருவதை ‘ரவுண்ட் ராபின்’ என்போம். எல்லாருக்கும் முறை உண்டு என்பது அதன் நியாயம். ஆனால் அமைப்பு சரியில்லாவிட்டால் ஏதோ ஒரு வேலை வரிசையிலேயே கிடந்து, அதன் முறை வராமலேயே போய்விடும். அதற்குப் ‘பட்டினி’ என்றுதான் பாடப்புத்தகமும் பெயர் வைத்திருக்கிறது. முறை வரும் என்கிற வாக்குறுதி காகிதத்தில் சரியாக இருந்து, கடிகாரத்தில் பொய்யாகிற இடம் அது.

கூட்டம் பெருகி, நடனம் சுருங்கியபோது பழைய காண்ட்ராவின் நியாயம் இப்படித்தான் பொய்யானது. எல்லாருக்கும் இப்போதே என்று கேட்டவர்களைப் பொறுமையில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

4

தத்துவத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு புகழ்பெற்ற வடிவம் உண்டு. டென்னிஸ் மெக்கெர்லி என்ற தத்துவவாதி ‘சமத்துவமும் காலமும்’ என்று 1989-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கற்பனைச் சமூகம். ஒரு சாரார் மேலே, ஒரு சாரார் கீழே, இடையில் பெரிய பள்ளம். ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். எஜமானாக இருந்தவர் ஊழியர், ஊழியராக இருந்தவர் எஜமான். முழு வாழ்நாளையும் கூட்டிப்பார்த்தால் எல்லாருக்கும் ஒரே பங்கு. இதைச் சமத்துவம் என்று சொல்வீர்களா? நம்மில் பலருக்கு நாக்கு எழாது. அப்படியென்றால் சமத்துவத்தை வாழ்நாள் கணக்கில் மட்டும் பார்ப்பது போதாது என்பது அவர் வாதம்.

இந்தக் கற்பனைச் சமூகத்தில் நான் ஒரு வருடம் வாழ்ந்திருக்கிறேன். பொறியியல் கல்லூரி விடுதி என்று அதற்குப் பெயர். முதல் வருடம் சீனியர்களின் துணி துவைக்கவேண்டும், கேட்டபோது பாடவேண்டும், தலையைக் குனிந்துகொண்டு போகவேண்டும். நியாயம் கேட்டால் ஒரே பதில்தான்: “நாங்களும் இதைத் தாண்டித்தான்டா வந்தோம். அடுத்த வருஷம் உனக்கு ஜூனியர் வருவான்ல, அப்ப பாத்துக்க.” கவனித்தால் இந்தப் பதிலில் தர்க்கப்பிழை கிடையாது. நான்கு வருடத்தைக் கூட்டினால் எல்லாருக்கும் ஒரே பங்கு. கணித ரீதியாகக் கோரஸ் ஜிக்கும் ராகிங்கும் ஒரே அமைப்பு: கீழே சேர், மெல்ல மேலே போ, உன் முறை வரும்.

ஒன்று அருவருப்பாக இருக்கிறது. இன்னொன்று இருநூறு வருடம் மனிதர்கள் விரும்பி ஆடியது. வித்தியாசம் எங்கே?

‘ஒன்றில் வலி, இன்னொன்றில் வெறும் காத்திருப்பு’ என்று சொல்லலாம். உண்மைதான், ஆனால் போதாது. வெறும் காத்திருப்பும் அவமானமாக முடியும். கல்யாண வீட்டில் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு நின்றவர்களுக்கு அது தெரியும். எனக்குத் தோன்றும் விடை வேறு. ராகிங்கில் ஜூனியர் எதற்கு? சீனியரின் அதிகாரம் செல்லுபடியாகிறது என்று காட்டுவதற்கு. அவன் யாராக இருந்தாலும் சரி, தலை குனிந்தால் போதும். கோரஸ் ஜிக்கில் நிற்பவர் எதற்கு? அவர் இல்லாமல் ஆடுபவர்களால் ஆட முடியாது என்பதற்கு. ஆடும் ஜோடி சுற்றி இறங்க ஓர் அச்சு வேண்டும், அது நிற்பவர். மூலைகளில் கை நீட்டி ஓடிவரும்போது, சரியான தட்டில், சரியான கை அங்கே இருக்கவேண்டும். அது நிற்பவரின் கை. ஒரு வினாடி தாமதித்தால் ஆடுபவரின் வேகம் முழுவதும் உடைந்துவிடும். அவர் காத்திருக்கிறார் என்பதைவிடக் கவனித்திருக்கிறார் என்பதே சரி.

பாஸ்டன் பக்கம் வேலை பார்த்த காலத்தில் சில மாதங்கள் நான் காண்ட்ராவுக்குப் போயிருக்கிறேன். ஒருநாள் வந்திருந்த காலர் பழைய நடனம் ஒன்றை அறிவித்தார். என் பக்கத்தில் வரிசையில் நின்றவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் நிற்கும் ஜோடி. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் முழங்கையை மெல்லத் தட்டி, “கையை அவிழ்த்து வை, அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நிற்பதற்கும் ஓர் அசைவு உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இங்கிருந்து மூன்று நிபந்தனைகள் கிடைக்கின்றன என்று நினைக்கிறேன். ‘உன் முறை வரும்’ என்பது நியாயமாக இருக்கவேண்டுமென்றால், ஒன்று: முறை உண்மையில் வரவேண்டும், அதுவும் காத்திருப்பவர் அங்கே இருக்கும்போதே. இரண்டு: முதல் முறை யாருக்கு என்பதைப் பிறப்போ பணமோ தீர்மானிக்கக்கூடாது. மூன்று: காத்திருக்கும் இடமும் அந்தச் செயலுக்குள் இருக்கவேண்டும். அங்கே நிற்பவரின் கை யாருக்காவது தேவைப்படவேண்டும். ஆஸ்டின் காலத்துக் கூடம் இரண்டாவதில் தோற்றது. கூட்டம் பெருகிய நவீனக் கூடம் முதலாவதில் தோற்றது. விடுதி மூன்றாவதில் தோற்றது.

5

‘எல்லாருக்கும் இப்போதே’ என்ற பக்கத்துக்கும் செலவு உண்டு. அதையும் கணக்காகவே பார்க்கலாம்.

64 தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தன் ஜோடியுடன் ஒரு முழு ஸ்விங், முன்னே ஒரு சின்ன ஊசலாட்டத்துடன் சேர்த்துப் பதினாறு தட்டு. எதிர்ப்பட்டவருடன் இன்னொரு பதினாறு. பாதி இசை முடிந்தது. மீதி 32 தட்டில், எல்லாரையும் சரியான இடத்தில், சரியான முகத்தோடு, சரியான வேகத்தோடு கொண்டுவந்து நிறுத்தவேண்டும். ஓரிடமும் நகர்ந்திருக்கவேண்டும். கட்டுப்பாடுகள் இவ்வளவு இறுகினால் தீர்வுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். புதிய நடனங்கள் ஆயிரக்கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. சில மணி நேரம் தொடர்ந்து ஆடினால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாமே இனிப்பு.

பழையவை அப்படி இல்லை. ‘மணி மஸ்க்’ என்ற நடனத்தில் ஸ்விங்கே கிடையாது. கோரஸ் ஜிக், பெட்ரொனெல்லா, மணி மஸ்க் எல்லாமே நடனத்தின் பெயர் மட்டுமல்ல, மெட்டின் பெயரும் அதுதான். அந்த மெட்டு கேட்டால் அந்த நடனம். இன்று காலர் நடனத்தைத் தேர்ந்தெடுக்கிறார், இசைக்குழு அதற்குப் பொருந்தும் ஏதோ ஒரு மெட்டை வாசிக்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மெட்டுகளைக் கோத்து வாசிக்கிறார்கள், கேட்க அருமையாகவே இருக்கும். ஆனால் ஒரு மெட்டைக் காதால் கேட்க உடம்பு கொஞ்சம் நிற்கவேண்டும் என்பதும் உண்மை.

புதியவர்களின் விஷயம் இன்னொன்று. பழைய முறையில் தெரியாதவர்கள் வரிசையின் கீழே போய் நிற்பார்கள். மேலே தெரிந்தவர்கள் ஆடுவதைப் பத்துச் சுற்று பார்த்துக்கொண்டே மேலேறுவார்கள். தங்கள் முறை வரும்போது நடனம் கண்ணுக்குள் ஏறியிருக்கும். நிற்கும் இடம் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. இன்று புதியவர் முதல் தட்டிலிருந்தே முழு வேகத்தில் ஆடியாகவேண்டும். மற்றவர்கள் அன்பாகத்தான் கைபிடித்து இழுத்துப்போகிறார்கள். ஆனாலும் பார்த்துக் கற்பதும் இழுபட்டுக் கற்பதும் ஒன்றல்ல.

இதெல்லாம் சொன்னதற்காகப் பழையதற்குத் திரும்புவோம் என்கிறேனா? இல்லை. வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வரும் ஒருவர் ‘எனக்கு நிற்கவேண்டாம், ஆடவேண்டும்’ என்றால் அதில் தப்பே இல்லை. நவீன நடனம் நியாயத்தின் பெயரால் கொண்டுவந்த நல்லவை இன்னும் உண்டு. ஆண், பெண் என்று பிரிந்திருந்த இரண்டு இடங்களுக்கும் இப்போது பல ஊர்களில் பறவைப் பெயர்: இடப்பக்கம் லார்க், வலப்பக்கம் ராபின். யாரும் எதையும் ஆடலாம். இருநூறு வருடத்தில் ‘முறை வரும்’ என்ற வாக்குறுதி எத்தனை சுற்று ஓடியிருந்தாலும் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்திருக்காது. கோரஸ் ஜிக்கில் நிற்பவர் ஆடுபவர் ஆகலாம், ஆனால் பெண்கள் வரிசையிலிருந்து ஆண்கள் வரிசைக்கு யாரும் நகரவே முடியாது. சில சமத்துவங்களுக்குச் சுற்று போதாது, அமைப்பையே மாற்றவேண்டும்.

6

நடனத்துக்கு உள்ளே ஏற்றத்தாழ்வு ஒழிந்ததும் அது எங்கே போயிற்று என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். வெளியே போய்விட்டது! பெரிய கூடங்களில் மூன்று நான்கு வரிசைகள் இருக்கும். நன்றாக ஆடுபவர்கள் எல்லாம் நடு வரிசையில் குவிந்துவிடுவார்கள். ஓர வரிசைகளில் புதியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டிருப்பார்கள். இதைக் காலர்களே ஒரு வியாதி போலப் பெயர் வைத்துப் பேசுகிறார்கள். அடுத்த நடனத்துக்கும் அதற்கடுத்ததற்கும் ஜோடியை முன்பதிவு செய்துகொள்ளும் வழக்கமும் உண்டு. யாரும் கூப்பிடாமல் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நடனத்தின் கணக்கிலேயே வரமாட்டார். கோரஸ் ஜிக்கில் நின்றவர் வரிசைக்குள் நின்றார், 64 தட்டுக்குள் மூன்று பேராவது அவர் கையைப் பிடித்தார்கள். இவர் வரிசைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். இவருக்கு முறை என்று ஒன்று கிடையாது.

ஆடுபவர்களுக்கு இடையில் நூறு சதவீதச் சமத்துவத்தை உண்டாக்கிவிட்டு, ஆடாதவர்களைப் பார்க்காமல் விடுவது சுலபம். நிற்பவர் என்ற இடத்தை ஒழித்தால் நிற்பவர்கள் இல்லாமல் போவதில்லை. சிலர் ஆடுபவர்களாகிறார்கள், சிலர் கண்ணில் படாதவர்களாகிறார்கள். புதியவரை முதலில் போய்க் கூப்பிடுங்கள் என்று நல்ல காலர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். வடிவமைப்பால் தீர்க்க முடியாத இடத்தை மரியாதையால் நிரப்பப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு மாறியும் ஓரிடம் மட்டும் மாறவில்லை. எவ்வளவு நவீனமான வரிசையிலும், முனையைத் தொட்ட ஜோடி பெரும்பாலும் ஒரு சுற்று நின்றே ஆகவேண்டும். எதிரே இன்னொரு ஜோடி இல்லை, அதனால் ஆட முடியாது. அந்த 32 வினாடியில் அவர்கள் மூச்சு வாங்குகிறார்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள், வரிசை முழுவதும் எப்படி அசைகிறது என்று அப்போதுதான் பார்க்கிறார்கள். உள்ளே இருக்கும்போது நடனம் தெரியாது, அடுத்த கை மட்டும் தெரியும். பழைய நடனம் பாதிக் கூட்டத்துக்கு எப்போதும் கொடுத்துக்கொண்டிருந்த பார்வை இது. புதிய நடனத்தில் முனைக்கு வருபவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது.

தமிழில் ‘முறை’ என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனையும் இருப்பதை நினைத்துக்கொள்கிறேன். நம் தடவை வருவதும் முறை. ஒரு காரியத்தைச் செய்யும் விதமும் முறை. உறவும் முறை. குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் நீதிக்கே அதுதான் பெயர். நம் மொழி இவற்றைப் பிரிக்காமல் வைத்திருப்பது எனக்குக் கொஞ்சம் எச்சரிக்கையாகவே படுகிறது. தடவை மட்டும் இருந்து உறவு இல்லாவிட்டால் அந்த முறை விடுதி வராந்தா. உறவு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தடவை வராமல் போனால் அது ஏமாற்று.

அதனால், வீட்டிலோ அலுவலகத்திலோ நாட்டிலோ யாராவது நம்மிடம் ‘பொறு, உன் முறை வரும்’ என்று சொன்னால் உடனே கோபப்படவேண்டியதில்லை, உடனே நம்பவும் வேண்டியதில்லை. வரிசையில் எத்தனை ஜோடி, இசை எவ்வளவு நேரம் ஓடும் என்று எண்ணிப் பார்க்கலாம். உச்சியில் நிற்பவர் அங்கே எப்படி வந்தார் என்று கேட்கலாம். பிறகு, நின்றுகொண்டிருக்கும் இந்த நேரத்தில் நம்மை நோக்கி ஏதாவது ஒரு கை நீள்கிறதா என்று பார்க்கலாம். நீள்கிறது என்றால், கட்டியிருக்கும் கையை அவிழ்த்து வைப்பது நம் வேலை.